கோடையில் தட்ட வேண்டிய கதவுகள்

மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காத உயிரியல் மாணவர்கள் விடுமுறையை வீணாக்க வேண்டியதில்லை. திருவனந்தபுரத்தில் அவர்களுக்கு வேலை இருக்கிறது.

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் மலையாளத்துக்கு அடுத்தபடியாகக் காதில் விழும் மொழி தமிழ்தான். கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்து புற்றுநோய்க்கும் இதய நோய்க்கும் சிகிச்சை தேடி வருகிறவர்கள் காலையிலேயே வரிசையில் நிற்கிறார்கள். கையில் பழைய மருந்துச் சீட்டு, ஸ்கேன் படம் அடங்கிய பெரிய உறை, கூடவே சாப்பாட்டுப் பை. எந்த கவுன்டரில் சீட்டு வாங்குவது, ரத்தப் பரிசோதனை எந்த மாடியில், டாக்டர் கடைசியாகச் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாமல் அரை நாள் அலைகிறவர்களும் உண்டு.

இதே மாவட்டங்களின் கல்லூரிகளில் விலங்கியல், தாவரவியல், உயிர் வேதியியல், நுண்ணுயிரியல் படிக்கிற இளைஞர்கள் ஏராளம். அவர்களில் பலர் டாக்டராகும் கனவோடு பிளஸ் 2-வில் உயிரியல் எடுத்தவர்கள். கோடை விடுமுறையில் என்ன செய்வது என்று தெரியாமல் வீட்டில் இருப்பவர்களும் அவர்கள்தான். ஆள் தேவைப்படுகிற இடமும் நேரம் கையில் இருக்கிற ஆளும் எட்டும் தூரத்தில் இருந்தும் ஒருவரையொருவர் சந்திப்பதில்லை.

கணக்கு எளிமையானது, கொடூரமானதும்கூட. 2024-ல் நீட் தேர்வு எழுதியவர்கள் 23 லட்சத்துக்கும் மேல். அந்த ஆண்டு நாட்டில் இருந்த எம்.பி.பி.எஸ். இடங்கள் சுமார் ஒரு லட்சத்துப் பத்தாயிரம். அதாவது இருபது பேருக்கு ஓர் இடம். பல் மருத்துவம், சித்தா, ஆயுர்வேதம், ஹோமியோபதி எல்லாவற்றையும் சேர்த்தாலும் பெரும்பான்மையினர் வெளியேதான் நிற்க வேண்டும். அவர்களில் ஒரு பகுதியினர் மறுபடியும் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டுகிறார்கள். மற்றவர்கள் 'இதாவது கிடைத்ததே' என்று பி.எஸ்சி.யில் சேர்கிறார்கள். சேர்ந்த நாளிலிருந்தே தோற்றவர்களாகத் தங்களை நினைத்துக்கொள்வதுதான் பரிதாபம்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே பள்ளிப் படிப்பு முடிந்ததும் மருத்துவக் கல்லூரிக்குப் போக முடியாது. பொதுவாக நான்காண்டு பட்டம் பெற்ற பிறகுதான் விண்ணப்பிக்கிறார்கள். மதிப்பெண்ணுடன் விடுமுறையில் மாணவர் என்ன செய்தார் என்பதும் கேட்கப்படும். எந்த ஆய்வகத்தில் வேலை பார்த்தார்? மருத்துவமனையில் தொண்டு செய்தாரா? நோயாளியின் அருகில் எத்தனை மணி நேரம் இருந்தார்? ஆகவே கோடை வந்தாலே அங்குள்ள கல்லூரி மாணவர்கள் ஆய்வு வாய்ப்பு தேடி விண்ணப்பம் மேல் விண்ணப்பமாகப் போடுகிறார்கள்.

இந்தியாவில் 17 வயதில், ஒரே நாளில், ஒரே தேர்வில் எல்லாம் முடிந்துவிடுகிறது. கோடையில் என்ன செய்தாய் என்று யாரும் கேட்பதில்லை. கேட்காததால் யாரும் செய்வதும் இல்லை. இதன் நஷ்டம் எம்.பி.பி.எஸ். கிடைத்தவர்களுக்கு அதிகம் இல்லை. அவர்கள் எப்படியும் வார்டுக்குள் நுழைந்துவிடுவார்கள். நஷ்டம் மற்றவர்களுக்குத்தான். நாளைக்கு ஆய்வகத்திலும் மருந்துக் கம்பெனியிலும் பொதுச் சுகாதாரத் துறையிலும் வேலை பார்க்கப் போகிற அவர்கள் ஒரு நோயாளியோடு பத்து நிமிடம் பேசாமலே, ஓர் ஆய்வு எப்படி நடக்கிறது என்று பார்க்காமலே பட்டம் வாங்கிவிடுகிறார்கள்.

டாக்டர் பட்டம் இல்லாதவர்களால் மருத்துவத்துக்கு என்ன செய்ய முடியும் என்ற கேள்விக்குத் திருவனந்தபுரம் எப்போதோ பதில் சொல்லியிருக்கிறது.

1981-ல் தொடங்கப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையம், பிரான்சின் லியோன் நகரில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையுடன் சேர்ந்து 1996-ல் ஒரு பெரிய ஆய்வை ஆரம்பித்தது. வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடித்தால் சாவைக் குறைக்க முடியுமா என்பதே கேள்வி. திருவனந்தபுரம் மாவட்டத்தின் 13 பஞ்சாயத்துகளில் 35 வயதைத் தாண்டிய சுமார் ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம் பேர் இதில் அடங்கினர். ஏழு பஞ்சாயத்துகளில் வீடு வீடாகச் சென்று வாயைப் பரிசோதித்தார்கள். ஆறு பஞ்சாயத்துகளில் வழக்கமான சிகிச்சை முறையே தொடர்ந்தது.

வீடு வீடாகச் சென்றவர்கள் டாக்டர்கள் அல்ல. மருத்துவம் அல்லாத பாடங்களில் பட்டம் பெற்ற சாதாரணப் பட்டதாரிகள். வாய்க்குள் வெள்ளைத் திட்டு எப்படி இருக்கும், சிவப்புத் திட்டு எப்படி இருக்கும், எதைக் கண்டால் உடனே டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்று வண்ணப் படங்களை வைத்து அவர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. வெற்றிலை, புகையிலை, பீடி, மது பற்றிய கேள்விகளைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, பிறகு வெளிச்சத்தில் வாயைப் பார்ப்பார்கள். சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் அனுப்புவார்கள்.

முடிவுகள் 2005-ல் 'லான்செட்' இதழில் வெளிவந்தன. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது சாவு குறைந்தது புள்ளியியல்படி உறுதியாகவில்லை. ஆனால் புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு 34 சதவிகிதம் குறைந்திருந்தது. உலகமெங்கும் வாய்ப் புற்றுநோயைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் மேற்கோள் காட்டும் ஆய்வு இது. ஆய்வின் தலைமையில் இருந்தவர் டாக்டர் ஆர். சங்கரநாராயணன். ஆனால் ஆயிரக்கணக்கான வாய்களைப் பார்த்த கண்கள் பி.ஏ., பி.எஸ்சி. பட்டதாரிகளுடையவை.

இரண்டாவது உதாரணம் வலியைப் பற்றியது. 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மயக்கவியல் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் நண்பர்களும் சேர்ந்து வலி நிவாரணம் மற்றும் நோய்த்தணிப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள். குணப்படுத்த முடியாது என்று கைவிடப்பட்டவர்களின் வலியைக் குறைப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுவது என்று ஆரம்பித்த வேலை மலப்புரத்தில் மக்கள் இயக்கமாகவே மாறியது. வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்கத் தயாராக இருக்கும் யாரும் தொண்டராகலாம். 16 மணி நேர வகுப்பு, பிறகு மேற்பார்வையில் நான்கு நாள் நேரடிப் பயிற்சி. இதுதான் அந்த இயக்கம் வகுத்த பாடத்திட்டம். 2008-ல் கேரள அரசு இதற்கென்றே தனிக் கொள்கை அறிவித்தது. வீட்டுக்கே சென்று பராமரிக்கும் நர்ஸுகளை உள்ளாட்சி அமைப்புகள் நியமித்தன.

டாக்டர் ராஜகோபால் 2003-ல் திருவனந்தபுரத்தில் 'பாலியம் இந்தியா' அமைப்பைத் தொடங்கினார். உலக சுகாதார நிறுவனத்தின் கூட்டு மையமாக அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனம் அதன் கீழ் இயங்குகிறது. மார்ஃபின் மருந்தை நோயாளிகளுக்கு எட்டாக்கனியாக ஆக்கிவைத்திருந்த போதைப் பொருள் சட்டம் 2014-ல் திருத்தப்பட்டதில் ராஜகோபாலின் நீண்ட போராட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. வெளிநாட்டு மாணவர்கள் விமானம் ஏறி வந்து பார்க்கிற இந்த வேலையை, ஒன்றரை மணி நேர ரயில் பயணத் தூரத்தில் இருக்கும் நாகர்கோவில் மாணவருக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

இந்த வேலையில் கற்றுக்கொள்வது என்ன? படுத்த படுக்கையாக இருப்பவரைப் புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது எப்படி? மூக்கில் குழாய் வழியாக உணவு கொடுக்கும் மனைவியின் களைப்பு எப்படி இருக்கும்? 'எனக்குச் சரியாகிவிடுமா தம்பி?' என்று கேட்கிறவரிடம் பொய் சொல்லாமலும் நெஞ்சை உடைக்காமலும் என்ன சொல்வது? மருத்துவக் கல்லூரியில் கூட இவையெல்லாம் பல காலம் கற்றுத்தரப்படவில்லை. தமிழ் தெரிந்த தொண்டருக்கு இங்கே கூடுதல் மதிப்பு உண்டு. வலி எங்கே, எப்படி என்று சொல்வதற்குத் தாய்மொழியை விட்டால் வேறு மொழி கிடையாது. 'குத்துது', 'கடுக்குது', 'எரியுது', 'விண்ணு விண்ணுன்னு தெறிக்குது' என்று நோயாளி சொல்லும் நான்கும் நான்கு வேறு வலிகள். மொழிபெயர்ப்பில் எல்லாம் ஒன்றாகிவிடும்.

ஆய்வில் நாட்டம் உள்ளவர்களுக்கும் நகரத்தில் இடம் இருக்கிறது. 1980-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் உயிரி மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு பூஜப்புரையில் ஒரு பழைய அரண்மனையில் இயங்குகிறது. டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் இந்தியாவின் செயற்கை இதய வால்வு உருவானது இங்கேதான். முதல் மூன்று வடிவங்கள் சோதனையில் தோற்றன. நான்காவதுதான் நின்றது. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்ட அந்த வால்வு பிறகு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மார்பில் துடித்தது. அதே பகுதியில் ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையம் இருக்கிறது. விதுரையில் 2008-ல் தொடங்கிய ஐசர் நிறுவனம், பாலோட்டில் வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா என்று பட்டியல் நீளும்.

ஆனால் நேராகப் போய் நின்றால் கதவு திறக்காது. அதற்கென்று ஒரு காலண்டர் உண்டு.

முதலாவது, கோடைக்கான முயற்சியை முந்தைய ஆண்டின் அக்டோபர், நவம்பரிலேயே தொடங்க வேண்டும். பெங்களூரின் இந்திய அறிவியல் அகாடமி, டெல்லியின் இந்திய தேசிய அறிவியல் அகாடமி, பிரயாக்ராஜின் அகாடமி ஆகிய மூன்றும் சேர்ந்து பல ஆண்டுகளாக நடத்திவரும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைத் திட்டத்துக்கு அந்த மாதங்களில்தான் விண்ணப்பம் கேட்பது வழக்கம். தேர்வாகிறவர்கள் நாட்டின் ஏதாவது ஓர் ஆய்வகத்தில் இரண்டு மாதம் வேலை செய்யலாம். உதவித்தொகையும் ரயில் கட்டணமும் உண்டு. பெங்களூர் ஜக்கூரில் உள்ள ஜவாஹர்லால் நேரு உயர் ஆய்வு மையமும் இதேபோன்ற திட்டத்தை நடத்துகிறது. மார்ச்சில் பரீட்சை முடிந்த பிறகு விசாரிக்கிற மாணவர் ஓர் ஆண்டு தாமதம்.

இரண்டாவது, தனக்கு உரியது எது என்று பார்க்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1979 முதல் நடத்திவரும் குறுகிய கால மாணவர் உதவித்தொகை புகழ்பெற்றது. ஆனால் அது எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். மாணவர்களுக்கு. பி.எஸ்சி. மாணவர் அதற்காகக் காத்திருப்பதில் பயனில்லை.

மூன்றாவது, தடுப்பூசி. மருத்துவமனைக்குள் வேலை செய்யப் போகிறவர் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. ஏப்ரலில் வார்டுக்குள் நுழைய அக்டோபரில் முதல் ஊசி போட்டாக வேண்டும் என்பது இதிலிருந்தே தெரியும்.

நான்காவது, கடிதம். 'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் நிறுவனத்தில் ஏதாவது ஒரு வாய்ப்பு தந்து உதவ வேண்டும்' என்று ஒரே கடிதத்தை ஐம்பது விஞ்ஞானிகளுக்கு அனுப்புவது வழக்கமாகிவிட்டது. ஐம்பதும் குப்பைக்கூடைக்குப் போகின்றன. விஞ்ஞானி எழுதிய ஒரு கட்டுரையையாவது படித்து, அதில் புரிந்தது என்ன, புரியாதது என்ன என்று நான்கு வரி எழுதி, தனக்குத் தெரிந்த வேலையையும் வரக்கூடிய தேதிகளையும் சொல்லும் கடிதத்துக்குப் பதில் வரும் வாய்ப்பு அதிகம். கூடவே கல்லூரி ஆசிரியர் ஒருவரின் பரிந்துரை வேண்டும். மாணவரின் பெயரே தெரியாத துறைத் தலைவர் எழுதும் புகழ்மாலையைவிட, செய்முறை வகுப்பில் பக்கத்தில் நின்று பார்த்த இளம் ஆசிரியர் எழுதும் பத்து வரி மேல்.

இரண்டு மாதத்தில் புதிய கண்டுபிடிப்பு எதையும் செய்துவிட முடியாது என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். மனிதர்களை வைத்துச் செய்யும் எந்த ஆய்வுக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். அதற்கே மாதங்கள் ஆகும். எனவே ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஆய்வில் ஒரு சிறு துண்டைக் கேட்டு வாங்குவதே புத்திசாலித்தனம். மாதிரிகளை வரிசைப்படுத்துவது, கேள்வித்தாள் விடைகளைக் கணினியில் ஏற்றுவது, பிழை பார்ப்பது. சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் ஒரு எண் எப்படி உண்மையாகிறது என்பது அங்கேதான் விளங்கும்.

பணம் பெரிய கேள்வி. உதவித்தொகை தருகிற இடங்கள் குறைவு. சில நிறுவனங்கள் மாணவரிடமே கட்டணம் வாங்குகின்றன. அறை வாடகை, சாப்பாடு சேர்த்தால் இரண்டு மாதத்துக்கு ஆகும் செலவு, மீன்பிடித் தொழிலாளியின் மகளுக்கோ ரப்பர் பால் வெட்டுகிறவரின் மகனுக்கோ கட்டுப்படியாகாது. விடுமுறையில் துணிக்கடையில் நின்று சம்பாதித்தால்தான் அடுத்த ஆண்டுக் கட்டணம் என்ற நிலையில் இருப்பவர்களும் உண்டு. சம்பளமில்லாத வேலை அனுபவம் தகுதியாகக் கருதப்பட ஆரம்பித்தால், அது வசதியுள்ளவர்களின் இன்னொரு சலுகையாகிவிடும். அமெரிக்காவில் இதே விமர்சனம் வெகு நாளாக இருக்கிறது. கல்லூரிகள் இங்கே உதவ வேண்டும். முன்னாள் மாணவர் சங்கங்கள் ஆண்டு விழாவுக்குச் செலவழிப்பதில் ஒரு பகுதியில் நான்கு மாணவர்களை இரண்டு மாதம் திருவனந்தபுரத்தில் தங்கவைக்கலாம்.

தொண்டுக்கு இந்தத் தடை குறைவு. தினமும் ரயிலில் வந்து போகலாம். வாரம் இரண்டு நாள் வரலாம். ஊரிலேயே செய்வதும் சாத்தியம். தமிழ்நாடு அரசு 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிலேயே நோய்த்தணிப்புப் பராமரிப்பும் அடங்கும். பிற நகரங்களின் தமிழ் மாணவர்களுக்கும் வழி உண்டு. மும்பையில் 1986-ல் தொடங்கிய சாந்தி அவேத்னா சதன், பெங்களூரில் கருணாஷ்ரயா, டெல்லியில் கேன்சப்போர்ட் ஆகியவை இதே பணியில் இருப்பவை.

எச்சரிக்கை இரண்டு. கேரளத்தில் 2024-ல் தொடங்கிய நான்காண்டுப் பட்டப் படிப்பில் இன்டர்ன்ஷிப்பும் ஒரு பகுதி. நல்ல ஏற்பாடு. ஆனால் எது கட்டாயமோ அதை விற்க ஒரு கடை திறக்கும். வீட்டிலிருந்தபடியே மருத்துவ ஆய்வுப் பயிற்சி, இவ்வளவு ரூபாய்க்குத் தங்க முத்திரைச் சான்றிதழ் என்று வரும் விளம்பரங்களை நம்ப வேண்டியதில்லை. யாருடைய மேற்பார்வையில், எந்த ஆய்வில், என்ன வேலை என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் இல்லையென்றால் அது பயிற்சி அல்ல, வியாபாரம்.

இன்னொன்று மாணவரைப் பற்றியது. ஆர்வக் கோளாறில் ஊசி போடவோ, தையல் பிரிக்கவோ, மருந்து சொல்லவோ அவருக்கு உரிமை கிடையாது. யாராவது 'சும்மா போட்டுப் பழகு' என்றாலும் மறுத்துவிட வேண்டும். ஏழை நோயாளி மறுக்க மாட்டார் என்பதற்காக அவர் பயிற்சிப் பொம்மை ஆகிவிட மாட்டார். நோயாளியுடன் செல்ஃபி எடுப்பது, கேஸ் ஷீட்டைப் படம் பிடிப்பது, வீட்டுக்குப் போய் 'இன்று ஒரு கேஸ் பார்த்தேன்' என்று பெயரோடு கதை சொல்வது, எல்லாம் நம்பிக்கைத் துரோகம். ஆரம்பித்த வேலையைப் பாதியில் விடுவதும் அப்படித்தான். செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்று சொன்னால் படுக்கையில் இருப்பவர் திங்கள் இரவிலிருந்தே காத்திருப்பார்.

இதையெல்லாம் செய்தால் எம்.பி.பி.எஸ். கிடைக்குமா? கிடைக்காது. நீட் தேர்வில் இதற்கு ஒரு மதிப்பெண்கூட இல்லை. ஆனால் வேறு சில வழிகள் தெரியவரும். ஸ்ரீ சித்திரை நிறுவனத்தின் அச்சுத மேனோன் மையத்தில் 1997-ல் தொடங்கிய பொதுச் சுகாதார முதுகலைப் படிப்பில் டாக்டர் அல்லாதவர்களும் பயில்கிறார்கள். நோய்ப் பரவலியல், மருத்துவப் புள்ளியியல், மரபணு ஆலோசனை, மருத்துவ சமூகப் பணி என்று துறைகள் பல. இரண்டு மாதம் வார்டில் நின்ற பிறகு 'இது எனக்கு ஒத்துவராது' என்று ஒருவர் முடிவு செய்தாலும் அது லாபமே. 19 வயதில் தெரிந்துகொள்வது 29 வயதில் தெரிந்துகொள்வதைவிட மலிவு.

டாக்டர் பட்டம் கிடைக்காமல் போனதற்காக நோயாளியிடமிருந்து விலகிப் போக வேண்டியதில்லை. மண்டலப் புற்றுநோய் மையத்தின் வரிசையில் நாளைக் காலையிலும் தூத்துக்குடியிலிருந்து வந்த ஓர் அம்மாள் கையில் உறையோடு நிற்பார். எந்த கவுன்டர் என்று அவருக்குத் தமிழில் சொல்ல நீட் மதிப்பெண் தேவையில்லை.